வலென்சி ஆறு

வலென்சி ஆறு என்பது இங்கிலாந்தின் தென்மேற்கே, வட கார்ன்வாலில் பாயும் ஒரு சிற்றாறு ஆகும். இதன் வடிநிலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் மட்டுமே.

போக்கு

உயர்நிலங்களில் தோன்றும் இவ்வாறு, மரங்கள் அடர்ந்த செங்குத்தான பள்ளத்தாக்கு வழியாக மேற்கு நோக்கிப் பாய்கிறது. பாஸ்காசில் என்னும் சிற்றூரில் ஜோர்டான் ஓடை இதனுடன் இணைகிறது. பின்னர் குறுகிய துறைமுகம் வழியே அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது. எழுத்தாளர் தாமஸ் ஹார்டி 1870 இல் தம் வருங்கால மனைவி எம்மாவைச் சந்தித்த செயிண்ட் ஜூலியட் இப்பள்ளத்தாக்கிலேயே உள்ளது.

2004 வெள்ளம்

2004 ஆகஸ்ட் 16 அன்று அருகிலுள்ள ஆட்டர்ஹாமில் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதன் பெரும்பகுதி சுமார் ஐந்து மணி நேரத்தில் பெய்தது. முன்பே ஈரமுற்றிருந்த நிலம் நீரை உறிஞ்சவில்லை. செங்குத்தான சரிவுகள் அதனை விரைந்து ஆற்றில் சேர்த்தன. அடித்து வரப்பட்ட மரங்களும் கார்களும் பாலத்தை அடைத்ததால் வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. கட்டடங்கள் சில இடிந்தன. கார்கள் பல கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டன. கூரைகளிலும் பிற இடங்களிலும் சிக்கிய ஏறத்தாழ 100 பேர் உலங்குவானூர்திகளால் மீட்கப்பட்டனர். உயிரிழப்பு எதுவும் ஏற்படவில்லை. இதற்குச் சரியாக 52 ஆண்டுகளுக்கு முன், 1952 ஆகஸ்ட் 15-16 இல், டெவனிலுள்ள லின்மவுத்தில் நிகழ்ந்த இத்தகைய வெள்ளத்தில் 34 பேர் இறந்தனர்.

பின்னர் ஆற்றுப்படுகை அகலமாகவும் ஆழமாகவும் ஆக்கப்பட்டு, புதிய பாலம் கட்டப்பட்டது.