விருந்தினர் உரையும் சமூகப்பணியும்: சேவைக் கழகங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வணிக நகரங்களில் தோன்றிய சேவைக் கழகங்கள், அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் உலகின் பல பாகங்களுக்கும் பரவின. குறித்த நாளிற் கூடுதல், ஒருங்கிருந்து உண்ணுதல், அழைக்கப்பட்ட ஒருவரின் உரையைக் கேட்டல், ஊருக்குப் பயன்படும் ஒரு பணியை மேற்கொள்ளல் என்னும் நான்கும் இவற்றின் வழமையாயின. இவற்றுள் முதல் மூன்றும் எளியன. கேட்ட உரை எந்நிலையிற் பணியாக மாறிற்று என்பதே இக்கழகங்களின் வரலாற்றில் ஆராயத்தக்க வினாவாகும்.

1905ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் சட்டத்தரணி போல் ஹரிஸ் சிக்காகோ நகரில் மூன்று நண்பர்களுடன் கூடியமையே றோட்டரிக் கழகத்தின் தொடக்கமாகும். உறுப்பினரின் பணிமனைகளில் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியமையால் இப்பெயர் ஏற்பட்டது. ஆயின் அக்காலத்து நோக்கம் சேவை அன்று. ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவரை மாத்திரம் சேர்த்து, ஒருவர்க்கொருவர் வியாபாரம் தேடிக்கொடுப்பதே நோக்கமாயிருந்தது. உறுப்பினரிடையே நிகழ்ந்த வியாபாரத்தைக் கணக்கிடுவதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நிலை வெளியார் ஒருவரின் வினாவினால் மாறிற்று. 1906இல் கழகத்திற் சேருமாறு அழைக்கப்பட்ட டொனால்ட் காட்டர் என்னும் ஆக்கவுரிமைச் சட்டத்தரணி, கழகத்தின் விதிகளைக் கேட்டறிந்தபின், தன் உறுப்பினருக்கன்றி நகருக்கு எதுவும் செய்யாத சங்கத்திற்கு எதிர்காலம் இல்லையென மறுத்துரைத்தார். கழகம் அவரைப் புறக்கணிக்கவில்லை. நகரின் நலனையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, அவரையும் உறுப்பினராக்கிற்று. அதன் பயனாக 1907இல் தொடங்கிய முதலாவது முயற்சி, சிக்காகோ நகரிற் பொதுக் கழிப்பிடம் அமைக்கக் கோரிய இயக்கமாகும். மதுபான உற்பத்தியாளரும் பெரிய விற்பனை நிலைய உரிமையாளரும் இதனை எதிர்த்தனர். ஆண்களுக்கு மதுச்சாலைகளிலும் பெண்களுக்குக் கடைகளிலும் அவ்வசதி உண்டு என்பது அவர்தம் வாதம். மது வாங்காமலும் பொருள் வாங்காமலும் ஒருவர் தம் இயற்கைத் தேவையை நிறைவேற்றிக்கொள்ள வழி வேண்டும் என்பது கழகத்தாரின் மறுமொழி. வியாபாரத்துக்கெனக் கூடியோர் வியாபாரிகளின் நலனுக்கு எதிராகப் பேச நேர்ந்த முதற் சந்தர்ப்பம் இதுவெனலாம்.

எனினும் எல்லாக் கழகங்களும் இவ்வழியிற் சென்றன எனக் கூறுதல் பொருந்தாது. 1922இல் வெளிவந்த ‘பாபிற்’ என்னும் நாவலில், கூடியுண்டு தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளும் இத்தகைய கழகமொன்றைச் சிங்கிளெயர் லூயிஸ் எள்ளி நகையாடினார். அவ்வெள்ளலில் உண்மையில்லாமலில்லை. கேட்போரை மகிழ்விக்கும் உரை உணவோடு செரித்துவிடும்; கேட்போரிடம் ஒன்றை வேண்டி நிற்கும் உரையே எஞ்சும்.

இதற்குத் தலைசிறந்த சான்று, 1925ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் ஒகாயோ மாநிலத்தின் சீடர் பொயின்ற் என்னுமிடத்தில் நடைபெற்ற லயன்ஸ் கழகங்களின் மாநாட்டில் ஹெலன் கெலர் நிகழ்த்திய உரையாகும். காப்புறுதித் துறையினரான மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று 1917இல் உருவாக்கிய இவ்வமைப்பு, அப்பொழுது எட்டாண்டே நிரம்பியது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் செவிப்புலனையும் இழந்த கெலர், அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்தின் பணிக்கு ஆதரவு தேடி அங்கு வந்திருந்தார். தம் துயரைக் கூறி அவர் இரக்கம் வேண்டவில்லை. தடுக்கக்கூடிய குருட்டுத்தன்மையை ஒழிக்கவும் பார்வையற்றோருக்குக் கல்வியும் தொழிலும் கிடைக்கவும் உழைக்குமாறு அவையோரைக் கேட்டார். அவை அதனை ஏற்றுக்கொண்டது. அன்று தொட்டுப் பார்வையற்றோர் நலன் அவ்வியக்கத்தின் தலையாய பணியாயிற்று; 1990இல் அது தொடங்கிய உலகளாவிய பார்வைத் திட்டமும் இதன் தொடர்ச்சியே.

மாநாட்டில் ஏற்ற கடமை உள்ளூர்க் கழகத்தின் கையிலேயே உருப்பெற வேண்டும். இலினோய் மாநிலத்தின் பியோரியா நகர லயன்ஸ் கழகத் தலைவர் ஜோர்ஜ் பொன்ஹாம், கறுப்புக் கோலூன்றி வீதியைக் கடக்க முற்பட்ட பார்வையற்ற ஒருவரைச் சாரதிகள் கவனியாதிருந்தமையைக் கண்டார். கோலுக்கு வெள்ளை நிறமும் சிவப்புப் பட்டையும் தீட்டலாம் என்னும் அவரது யோசனையைக் கழகம் செயற்படுத்திற்று. 1930 டிசெம்பரில் அந்நகர சபை, வெள்ளைக்கோல் ஏந்தியவருக்கு வாகனங்கள் வழிவிட வேண்டுமென விதி செய்தது. இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் 1921இலேயே தம் கோலுக்கு வெள்ளை தீட்டினார் என்பர். ஆகவே கோலின் நிறத்தைக் காட்டிலும், அதனைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தமையே பியோரியாக் கழகத்தின் சாதனை எனக் கொள்ளல் தகும்.

இவ்வரலாற்றில் ஒரு முரண்பாடும் உண்டு. கெலர் அவ்வவையிற் பேசலாம். சாதாரண உறுப்பினராக அமர முடியாது. இவ்விரு இயக்கங்களும் ஆண்களை மாத்திரமே உறுப்பினராக ஏற்றன. பெண்கள் 1919இல் சொன்றா, 1921இல் சொறொப்ரிமிஸ்ற் எனத் தமக்கெனக் கழகங்களை அமைத்தனர். கலிபோணியாவின் டுவார்ட்டே றோட்டரிக் கழகம் 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டமைக்காக அடுத்த ஆண்டு இயக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அவ்வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1987 மே 4ஆம் நாள் கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. லயன்ஸ் இயக்கம் அவ்வாண்டிலேயே பெண்களை அனுமதித்தது. றோட்டரி 1989இல் தன் விதியை மாற்றிற்று. கெலரின் வேண்டுகோளை ஒரே நாளில் ஏற்ற இயக்கம், அவர் போன்றோருக்கு இருக்கை அளிக்க 62 ஆண்டுகள் எடுத்தது. உரையைக் கேட்பதினும் உரைத்தவரைச் சமமாக ஏற்பது அரிதென்பதை இது காட்டுகின்றது.

இலங்கையில் கொழும்பு றோட்டரிக் கழகம் 1929இல் நிறுவப்பட்டது. ஆங்கிலங் கற்ற நகர உயர்குழாத்தினரின் கூட்டமாகவே இத்தகைய கழகங்கள் பெரிதும் கருதப்பட்டன. ஆயினும் இளம்பிள்ளை வாதத்திற்கெதிராக றோட்டரி 1985இல் தொடங்கிய இயக்கம், இங்கு அவ்வட்டத்தைக் கடந்து சென்றது. 1990களில் வடக்கிலும் கிழக்கிலும் போர் நிகழ்ந்துகொண்டிருந்தபோது, தேசிய தடுப்பு மருந்து நாள்களில் பிள்ளைகளுக்கு மருந்து கிடைப்பதற்காகப் போரை இடைநிறுத்தும் பேச்சுகள் நடத்தப்பட்டன. அரசு, யுனிசெப், றோட்டரி ஆகிய முத்தரப்பும் கூடிய செயற்குழுவுக்குத் தலைமை தாங்கிய கே. ஆர். ரவீந்திரன், பின்னர் 2015இல் றோட்டரியின் உலகத் தலைவரானார். இந்நாட்டில் இறுதியாக 1993இல் அந்நோய் காணப்பட்டது. 2014 மார்ச் 27ஆம் நாள் தென்கிழக்காசியப் பிராந்தியம் அந்நோயற்றதென அறிவிக்கப்பட்டது. மருந்தை ஊட்டியோர் பெரும்பாலும் அரச சுகாதார ஊழியரே. கழகத்தின் பங்கு, அவர்கள் செல்வதற்கு வழி திறந்தமையும் பொருள் திரட்டியமையுமாகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தன்னார்வக் கழகம் அரசின் இடத்தை நிரப்புவதன்று என்பதும், அரசும் சமூகமும் காணாதிருந்த தேவையைக் காணச்செய்வதே அதன் தகுந்த பணி என்பதும் புலனாகும். கழிப்பிடம், வெள்ளைக்கோல், தடுப்பு மருந்து ஆகிய மூன்றிலும் கழகம் தொடங்கியதைப் பொதுநிறுவனங்களே நிலைபெறச் செய்தன. பேச்சாளரை அழைத்துக் கூட்டம் நடத்தும் எச்சங்கத்திற்கும், பல்கலைக்கழகச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். ஆண்டறிக்கையில் இடம்பெறும் பேச்சாளர் பெயர்ப் பட்டியல் சங்கத்தின் செல்வாக்கைக் காட்டலாம்; அவர்கள் வேண்டியவற்றுள் எவை நிறைவேறின என்னும் கணக்கே அதன் தகுதியைக் காட்டும்.