வெள்ளி இலையும் மிட்டாய் ஜாடியும்

இன்று ஒரு செடியின் வரலாறு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒரு குற்ற ஒப்புதலும் இருக்கிறது.

அசாமில் ராணுவப் பணியில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வருடம் விடுப்பில் பொள்ளாச்சி வந்தார். ரயிலில் மூன்று நாள் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சின்னத் தொட்டியை என் கையில் கொடுத்தார். "குவாஹாத்தி நர்சரியில வாங்கினேன் சார். அந்தப் பக்கத்து மலைக்காட்டுச் செடியாம்" என்றார். கரும்பச்சை இலையில் யாரோ வெள்ளி வளையம் வரைந்தது போல இருந்தது.

அதன் பெயர் பெகோனியா ரெக்ஸ். 'பெகோனியா' என்பது மிஷேல் பெகோன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் நினைவாக சார்ல்ஸ் ப்ளூமியே என்ற தாவரவியலாளர் வைத்த பெயர். 'ரெக்ஸ்' என்றால் லத்தீனில் அரசன். அசாம் காட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன இந்தச் செடிக்கு 1857-ல் பெல்ஜியம் நாட்டுப் புட்சேஸ் என்பவர் அந்தப் பட்டத்தைச் சூட்டினார். இன்று நர்சரிகளில் நிறம் நிறமாக விற்கும் ரெக்ஸ் பெகோனியாக்களுக்கு மூதாதை இதுதான்.

அந்த வெள்ளி நிறம் சாயமும் அல்ல, பொடியும் அல்ல. இலையின் மேல்தோலுக்கு அடியில் நுண்ணிய காற்று இடைவெளிகள் இருக்கின்றன. அவை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அந்த இடம் வெள்ளியாகத் தெரிகிறது. துணியால் எவ்வளவு துடைத்தாலும் போகாது. நான் துடைத்துப் பார்த்தேன்!

இனி என் குற்றம். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே தொட்டியை வைத்தேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பானது. "பாவம், தாகம்" என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். காய்வது நிற்கவில்லை, இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் தொட்டபோது தண்டு கூழாகிக் கையோடு வந்தது. அந்த மாணவர் போனில் "செடி எப்படி இருக்குது சார்?" என்று கேட்டார். "நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய் இது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வகுப்பில் எப்போதோ சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. லண்டனில் நத்தானியல் வார்டு என்று ஒரு மருத்துவர். நிலக்கரிப் புகை சூழ்ந்த பகுதியில் வீடு. ஆசையாக வைத்த பெரணிச் செடிகள் எல்லாம் செத்துப்போயின. 1829-ல் அந்துப்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளிவருவதைப் பார்க்க, ஈர மண் போட்ட பாட்டிலில் அந்தக் கூட்டுப்புழுவை வைத்து மூடினார். சில நாளில் அந்த மண்ணிலேயே ஒரு பெரணியும் புல்லும் முளைத்தன! மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் துளியாகி, மறுபடி மண்ணுக்கே இறங்கியது. தண்ணீர் ஊற்றாமலே ஏறக்குறைய நான்கு வருடம் அவை உயிரோடு இருந்தன.

1833-ல் அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை அடைத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் செடிகள் பசுமையாகப் போய்ச் சேர்ந்தன. இந்த வார்டு பெட்டிகளில்தான் சீனத் தேயிலைக் கன்றுகள் இமயமலைச் சரிவுக்கு வந்தன. 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இலங்கைக்குப் போனதும் இப்படித்தான். பின்னாளில் நம் தமிழ் மக்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம்.

அப்போதுதான் என் தவறு புரிந்தது. காட்டுத் தரையில் நிழலில் வளர்ந்த செடிக்குத் தாகம் வேரில் இல்லை, காற்றில் இருந்தது. நான் காற்றைக் காயவிட்டு வேரை மூழ்கடித்தேன்.

குப்பையில் போட்ட தொட்டியைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு நல்ல இலை மிச்சம். அடிப்பக்க நரம்புகளை பிளேடால் நாலைந்து இடத்தில் கீறி, ஈரத் தென்னைநார்த் தூளின் மேல் படிய வைத்து, மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பழைய மிட்டாய் ஜாடிக்குள் வைத்து மூடினேன். வெயில் நேரே படாத வடக்கு ஜன்னல் ஓரம். கண்ணாடியில் துளி அதிகம் கோத்தால் சிறிது நேரம் மூடியைத் திறந்து வைப்பேன், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் கீறிய இடங்களில் விரல் நக அளவு இலைகள். இப்போது மூன்று கன்றுகள்.

வளர்ப்பவர்களுக்குச் சுருக்கமாக: வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். விசிறிக் காற்றும் ஏசியும் நேரே படக் கூடாது. விரலை மண்ணில் விட்டு, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், அதுவும் தண்டில் படாமல். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். மூடிய ஜாடியை வெயிலில் வைத்தால் செடி உள்ளேயே வெந்துவிடும்.

கண்ணு, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். நீ கொண்டுவந்த செடியைக் கொன்றது நான்தான், அதை மறைத்தது அதைவிடத் தப்பு. அடுத்த விடுப்பில் வா. மூன்றில் ஒன்று உனக்கு, ஜாடியோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்