நிலத்தோற்ற, இயற்கை ஒளிப்படத் திறனாய்வு

நிலத்தோற்ற, இயற்கை ஒளிப்படத் திறனாய்வு என்பது, மலை, கடல், காடு, நீர்நிலை முதலிய நிலக்காட்சிகளையும், அங்கு வாழும் தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றையும் காட்டும் ஒளிப்படங்களின் நிறைகுறைகளை ஆராய்ந்து, அவற்றை எடுத்தவருக்குப் பயன்படும் வகையில் எடுத்துரைப்பதாகும். இது போட்டி நடுவரின் பணியிலிருந்து வேறுபட்டது. நடுவர் படங்களைத் தரவரிசைப்படுத்துகிறார். திறனாய்வாளரோ, ஒரு படத்தைக் கொண்டு, எடுத்தவரின் அடுத்த படம் மேம்பட உதவுகிறார். பொழுதுபோக்காக ஒளிப்படம் எடுப்போர் பெரும்பாலும் முறையான பயிற்சி பெறாதவர்கள் ஆதலால், இத்தகைய கருத்துரைகளே அவர்களுக்குப் பள்ளியாக அமைகின்றன.

வரலாறு

ஒளிப்படம் எடுப்போர் ஒன்றுகூடித் தமது படங்களைக் காட்டிக் கருத்துப் பரிமாறும் வழக்கம், ஒளிப்படச் சங்கங்கள் தோன்றிய காலத்திலேயே உருவாகிவிட்டது. இலண்டன் ஒளிப்படச் சங்கம் 1853 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இதுவே பின்னர் அரச ஒளிப்படச் சங்கம் ஆனது. சென்னை ஒளிப்படச் சங்கம் 1857 ஆம் ஆண்டில் தொடங்கியது. அமெரிக்க ஒளிப்படச் சங்கம் 1934 இல் உருவானது.

20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திறனாய்வு செய்யும் முறையைப் பற்றியும் சிந்தனைகள் எழுந்தன. கலைக் கல்வியாளரான எட்மண்ட் ஃபெல்ட்மன், விவரித்தல், பகுத்தாய்தல், பொருள் கொள்ளல், மதிப்பிடல் என்னும் நான்கு படிகளை முன்வைத்தார். நடனக் கலைஞரான லிஸ் லெர்மன் 1990 இல் உருவாக்கிய முறையில், படைத்தவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே கருத்து கூறப்படுகிறது. இவை இரண்டும் ஒளிப்படத்துக்கென உருவானவை அல்லவெனினும், ஒளிப்படத்துக்கும் பொருந்துவன.

தேவை

ஒரு நிலக்காட்சியை எடுத்தவர், அப்படத்தைப் பார்க்கும்போது அவ்விடத்தின் குளிரையும், காற்றையும், ஏறிவந்த களைப்பையும் சேர்த்தே நினைவுகூர்கிறார். பார்வையாளருக்கோ நான்கு விளிம்புகளுக்குள் அடங்கிய ஒரு செவ்வகம் மட்டுமே கிடைக்கிறது. இடம் அழகாக இருந்ததும், படம் அழகாக அமைந்ததும் ஒன்றல்ல என்பதை எடுத்தவர் தாமாக உணர்வது கடினம். அவ்விடத்தில் இல்லாத ஒருவரின் கண்களே இந்த இடைவெளியைக் காட்டவல்லவை. இதனாலேயே, "அருமை" என்னும் ஒற்றைச் சொல் பாராட்டு மகிழ்ச்சி அளித்தாலும் கற்பிப்பதில்லை. காரணம் கூறாத கண்டனமும் அவ்வாறே. அது புதியவரை இக்கலையிலிருந்து விலக்கிவிடவும் கூடும்.

படிநிலைகள்

* விவரித்தல்: மதிப்பிடுமுன், படத்தில் காண்பதையும், கண் முதலில் செல்லும் இடத்தையும் கூறுதல். எடுத்தவர் எண்ணியதும் பார்வையாளர் கண்டதும் ஒத்துள்ளனவா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.
* நோக்கத்தைக் கேட்டறிதல்: மூடுபனியின் மங்கல் ஒருவருக்குக் குறையாகவும், மற்றொருவருக்குப் படத்தின் கருவாகவும் இருக்கலாம்.
* நிறையைக் காரணத்துடன் கூறுதல்: எது நன்றாக அமைந்தது எனத் தெரிந்தால்தான் அதை மீண்டும் செய்ய இயலும்.
* குறையை மாற்றத்தக்க ஒரு செயலுடன் இணைத்தல்: சாய்ந்த தொடுவானத்தைக் கணினியில் திருத்தலாம். நின்ற இடம், நாளின் வேளை, குவியம் ஆகியவற்றைக் களத்தில் மட்டுமே மாற்ற முடியும்.
* அளவறிதல்: பத்துக் குறைகளை அடுக்குவதினும், முதன்மையான ஒன்றிரண்டைச் சுட்டுவதே பயன் தரும்.

ஆராயப்படும் கூறுகள்

படவமைப்பு

முன்புலம், நடுப்புலம், பின்புலம் ஆகியவற்றுக்கிடையேயான தொடர்பு, தொடுவானத்தின் இடம், விளிம்புகளில் கவனத்தைச் சிதறடிக்கும் கிளைகள் போன்றவை இதில் அடங்கும். பலரும் கூறும் மூன்றிலொரு பங்கு விதி, ஜான் தாமசு சிமித்து 1797 இல் வெளியிட்ட, நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றிய நூலில் இடம்பெற்றது. இது ஒரு வழிகாட்டியே தவிர சட்டமன்று. அசைவற்ற ஏரியில் மலை முழுமையாகப் பிரதிபலிக்கும்போது, தொடுவானம் நடுவில் அமைவதே பொருத்தமாக இருக்கக்கூடும்.

தெளிவு

"படம் தெளிவாக இல்லை" என்பது முழுமையான கருத்து அன்று. காரணத்தைப் படத்திலிருந்தே பெரும்பாலும் கண்டறியலாம். எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை அசைவு, முக்காலி உதவும். முதன்மைப் பொருள் மங்கி, அதற்கு முன்னோ பின்னோ உள்ளது தெளிவாக இருந்தால் அது குவியப் பிழை. பாறை தெளிவாகவும் பறவை மங்கலாகவும் இருந்தால், பறவையின் அசைவுக்கு ஷட்டர் வேகம் போதாமல் இருந்திருக்கலாம். எஃப்/22 போன்ற மிகச் சிறிய துளையில் எடுத்த படம் முழுதும் சற்று மென்மையாகத் தெரிந்தால், ஒளியின் விளிம்பு விளைவு காரணமாகலாம்.

ஒளியும் நிறமும்

எண்ணிமப் படத்தில் முற்றிலும் வெளிறிப்போன மேகத்தின் நுணுக்கங்களைப் பின்னர் மீட்க இயலாது. நீலவானின் ஒரு பகுதி மட்டும் கருத்திருந்தால், அகலக்கோண வில்லையுடன் போலரைசர் வடிகட்டி பயன்படுத்தப்பட்டிருக்கலாம். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப் பகுதியிலேயே இவ்வடிகட்டியின் விளைவு மிகுதி. மலை விளிம்பில் தோன்றும் வெண்கோடு, மிகையான கணினிச் செயலாக்கத்தின் அடையாளமாகும்.

எனினும், படத்தின் ஒளியளவுக்கு ஒரே சரியான விடை இல்லை. அன்செல் ஆடம்சு 1941 இல் எர்னாண்டசு என்னும் ஊரில் எடுத்த நிலவெழும் காட்சி இதற்குச் சான்று. ஒரே எதிர்மறைத் தகட்டிலிருந்து அவர் பல ஆண்டுகளாகப் படிகள் எடுத்தார். முற்காலப் படிகளில் வெளிறிய வானம், பிற்காலப் படிகளில் ஏறத்தாழக் கருமையாயிற்று.

எடுத்துக்காட்டு

ஓர் அருவிப் படத்துக்கு இரு கருத்துரைகளை ஒப்பிடலாம். "வானம் சரியில்லை, படம் சுமார்" என்பது ஒன்று. "நீரின் பட்டுப்போன்ற ஓட்டம், அருகிலுள்ள கரும்பாறையால் எடுப்பாகத் தெரிகிறது. ஆனால் என் கண் முதலில் மேல் மூலையிலுள்ள வெளிறிய வானத்துக்கே சென்றது. கருவியைச் சற்றுத் தாழ்த்தி வானத்தைத் தவிர்த்திருந்தால், பார்வை அருவியிலேயே நின்றிருக்கும்" என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே குறையையே கூறுகின்றன. இரண்டாவது மட்டுமே அடுத்த முறை செய்ய வேண்டியதைச் சொல்கிறது.

உண்மைத்தன்மையும் அறமும்

இயற்கைப் படங்களில், படம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதும் திறனாய்வுக்கு உரியது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொடர்புடைய காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2009 இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், 2010 சனவரியில் தகுதி நீக்கப்பட்டது. அதிலுள்ளது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என நடுவர்கள் கருதினர். எடுத்தவர் அதை மறுத்தார். பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு, அமெரிக்க ஒளிப்படச் சங்கம், அரச ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014 இல் இயற்கை ஒளிப்படத்துக்குப் பொதுவான வரையறை ஒன்றை அறிவித்தன. அதன்படி படத்தின் விளிம்புகளை வெட்டலாம். ஆனால் பொருள்களைச் சேர்ப்பதும், இடம் மாற்றுவதும் கூடாது.

கூட்டிலுள்ள குஞ்சுகளை மிக அருகில் காட்டும் படம் தொழில்நுட்பத்தில் சிறந்திருந்தாலும், தாய்ப்பறவை கலைக்கப்பட்டதா என்று கேட்பது திறனாய்வாளரின் கடமையாகும். அக்கேள்வி கேட்கப்படாமல் பாராட்டு மட்டும் கிடைத்தால், பிறரும் அதே கூட்டை நாடிச் செல்ல அது தூண்டுதலாகிவிடும்.

வரம்புகள்

திறனாய்வாளரின் கணினித் திரை சரியாக அளவமைக்கப்படாதிருந்தால், ஒளி, நிறம் பற்றிய அவரது கருத்து பிழைபடலாம். சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், தனிவிருப்பத்தைப் பொதுவிதியாக உரைப்பதைத் தவிர்க்க வேண்டும். எல்லாக் கருத்துரைகளையும் ஏற்கும் கட்டாயம் படம் எடுத்தவருக்கு இல்லை. ஆயினும், ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே இடத்தைச் சுட்டும்போது, அவ்விடத்தை அவர் மீண்டும் பார்ப்பது நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* ஒளிப்படவியல்
* அன்செல் ஆடம்சு
* மூன்றிலொரு பங்கு விதி
* காட்டுயிர் ஒளிப்படவியல்