சீவகன் கண்ட நாயும் சேலையூர்க் குட்டிகளும்

சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் இராசமாபுரத்து மக்கள் நீர்விளையாட்டுக்காகப் பொழிலுக்குச் செல்கின்றனர். அங்கே அந்தணர்க்கென ஆக்கி வைத்திருந்த உணவில் நாயொன்று வாய் வைத்துவிடுகிறது. அவர்கள் சினந்து அதனை அடித்து வீழ்த்துகின்றனர். அவ்வழியே வந்த சீவகன், இனி அது பிழையாது என்பதை உணர்ந்து, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். நாயுடம்பு நீங்கிய அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகிறது. பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்கள் சீவகனைக் கொல்லக் கொண்டுசென்றபோது, சுதஞ்சணனே வந்து அவனை மீட்கிறான். விடைபெறும் வேளையில் மூன்று மந்திரங்களையும் அவனுக்குக் கற்பிக்கிறான். அவற்றுள் ஒன்று நஞ்சு நீக்குவது. பாம்பு தீண்டிய பதுமையின் உயிர் பின்னொருநாள் அதனால்தான் மீண்டது.

தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இக்கதையை அறியாதவர் அரியர். 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் இக்காப்பியத்தை அச்சிட்டபோது, அதன் சமயப் பொருளை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமண அன்பர்களே. ஆயினும் கதையில் ஒன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. சீவகன் கண்ட நாய் சாகும் நாய். அதற்குத் தேவைப்பட்டது மந்திரம் ஒன்றே. அது பிழைத்து எழுந்திருந்தால் அவன் அதனை எங்கே விட்டிருப்பான் என்பதற்குக் காப்பியத்தில் விடை இல்லை. இன்று சேலையூரிலும் இராஜகீழ்ப்பாக்கத்திலும் சாலையோரத்திலிருந்து எடுத்துக் காப்பாற்றப்படும் குட்டிகளின் நிலை, அந்த விடையில்லாத இடத்தில்தான் தொடங்குகிறது. உயிரைக் காப்பது ஒரு நாள் வேலை. நிலையான வீடு தேடுவதோ வாரக்கணக்கில் நீளும்.

நாயைப் பற்றிச் சமண ஆசிரியர்கள் கூறியவை குறைவு, கூறியவை கூர்மையானவை. காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் சமந்தபத்திரர், தம் இரத்தினகரண்டகத்தில், அறத்தால் நாயும் தேவனாகும், தீவினையால் தேவனும் நாயாவான் என்னும் கருத்தை வைக்கிறார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. மறுபுறம், 12ஆம் நூற்றாண்டில் குசராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரர், இல்லறத்தார் விலக்கவேண்டிய பதினைந்து தொழில்களுள் நாய், பூனை, சேவல் முதலியவற்றை வளர்ப்பதையும் சேர்த்துள்ளார். வீட்டில் நாய் கூடாது என்போர் பெரும்பாலும் இதனைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அவர் அவ்விடத்தில் 'பொருளின் பொருட்டு' என்னும் பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்தே எழுதியுள்ளார். அவர் விலக்கியது விலங்கை வைத்துப் பொருளீட்டுவதை. சாதி நாய்களை ஈனவைத்து விற்கும் இன்றைய வணிகத்துக்கே அது நேராகப் பொருந்தும். தெருக்குட்டியைப் பொருள் கருதாது ஏற்பவர்க்கு அதனைப் பொருத்துவது சொல்லை விட்டுவிட்டுப் படிப்பதாகும்.

தமிழ் மண்ணில் நாய்க்குப் பெயர் சூட்டிக் கல்லில் பொறித்த காலமும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. கள்வர் இருவரைக் கடித்துத் தலைவனருகே நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் அதே கல்லில் உள்ளன. வந்தவாசி, ஆரணி வட்டாரங்களிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த சமணக் குடும்பங்களுக்கு அது தொலைவான ஊரன்று. திருமலைக்கு யாத்திரை செல்வோர் அவ்வூரையும் கண்டுவரலாம்.

சென்னை நகரத்தின் வரலாறு இதற்கு மாறானது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னைப் பிஞ்சராப்போல் இன்றும் அயனாவரம் பகுதியில் ஆநிரைகளைப் புரந்துவருகிறது. வடநாட்டுச் சமணர் உள்ளிட்ட வணிகச் சமூகங்களின் கொடையில் அது தழைத்தது. நாய்க்கென ஒரு புகலிடம் எழ மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1959ஆம் ஆண்டின் பெருமழையில், விமானியான கேப்டன் வி. சுந்தரம், தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவரும் அவர்தம் மனைவி உஷா சுந்தரமும் தொடங்கிய பணியே இந்திய நீலச் சிலுவைச் சங்கமாக, புளூ கிராஸ் என்னும் பெயரில், வளர்ந்தது. அவர்களின் மகன் சின்னி கிருஷ்ணா, கொல்வதால் நாய்கள் குறைவதில்லை, கருத்தடையே வழி என 1964ஆம் ஆண்டு முதலே வாதிட்டுவந்தார். மாநகராட்சி அதற்கு இசைந்தது 1996ஆம் ஆண்டில்! முப்பதாண்டுக் காலத் தாமதத்துக்கு விலை கொடுத்தவை வாயில்லா உயிர்கள். 2001ஆம் ஆண்டில் நடுவணரசு விதிகளை இயற்றிய பிறகு அம்முறை நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று. 2023ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவரும் சென்னையில் வாழ்ந்த ருக்மிணிதேவி அருண்டேல் அவர்களே.

கருத்தடை குறித்துச் சிராவகர் சிலருக்கு நேர்மையான ஐயம் உண்டு. கொல்லாமை அணுவிரதத்துக்குரிய ஐந்து குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுபவை கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன. அறுவை உறுப்பறுத்தல் ஆகாதா? பூஜ்யபாதர் தம் உரையில் காது, மூக்கு போன்ற உறுப்புகளை நீக்குவதை எடுத்துக்காட்டாகத் தருகிறார். சில சாதி நாய்களுக்கு அழகுக்காகக் காதை வெட்டுவதும் வாலைத் துண்டிப்பதும் அதற்குள் ஐயமின்றி அடங்கும். பிறந்த குட்டிகளுள் பெரும்பகுதி வண்டிச் சக்கரத்திலும் நோயிலும் மடிவதைத் தவிர்க்க, மயக்க மருந்து தந்து செய்யும் சிகிச்சையை அதனோடு ஒன்றாக எண்ணுவது கடினம். ஆயினும் ஐயம் எழுப்புவோரை அறியாதவர் என ஒதுக்குவதும் முறையன்று. கட்டுதலுக்கு அவ்வாசிரியர் தரும் பொருளோ இன்னும் நுட்பமானது. விரும்பிய இடத்துக்குச் செல்லவிடாது தடுப்பதே கட்டுதல் என்கிறார். நாள் முழுதும் மாடிப்படியின் கீழ்ச் சங்கிலியில் கிடக்கும் நாயைக் காணும்போதெல்லாம் அவ்வுரை நினைவுக்கு வரவேண்டும்.

சேலையூர் ஏரியும் வயலும் கொண்ட சிற்றூராக இருந்தது. அருகிலுள்ள கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது சுற்றிலும் புதர்க்காடு. அக்கல்லூரியின் விடுதியொன்று இன்றும் சேலையூர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, வேளச்சேரிச் சாலையின் இருபுறமும் அடுக்ககங்கள் நிறைந்துவிட்டிருந்தன. களத்துமேட்டிலும் திண்ணையிலும் கிடந்த ஊர்நாய்க்கு, சுற்றுச்சுவரும் காவலாளியும் வந்தபின் இடமில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பகுதி மூழ்கியபோது மனிதர்க்கே படகு போதவில்லை. நாய்களின் கதி சொல்ல வேண்டுவதில்லை.

மீட்கப்பட்ட குட்டியைக் காப்பகத்தில் நெடுநாள் வைப்பது நன்றன்று. நெருக்கமாக வாழும் இடத்தில் பார்வோ என்னும் குடல்நோய் எளிதிற் பரவும். மேலும், மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரை குட்டி எவரோடு பழகுகிறதோ அதுவே அதன் இயல்பை உருவாக்கும். வீடு விரைவில் கிடைக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. கிடைப்பதோ அரிது. பெண்குட்டி வேண்டாம், கறுப்பு வேண்டாம், நாட்டுநாய் வேண்டாம் என்னும் சொற்கள் சமணர் வீடுகளிலும் ஒலிக்கின்றன.

உணவு குறித்த தயக்கம் பொருளற்றதன்று. ஓநாயைப் போலன்றி நாய் மனிதனோடு வாழ்ந்து மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது என 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியது. ஆனால் வெறும் தயிர்ச்சோறு வளரும் குட்டிக்குப் போதாது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அளவறிந்து சேர்த்த மரக்கறி உணவைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படியே தரவேண்டும். அதற்கு மனம் ஒவ்வாத குடும்பம், குட்டியை ஏற்காது அதன் தடுப்பூசிச் செலவை ஏற்பதே மேல். ஆறு திங்களில் சலித்துப்போய் மீண்டும் தெருவில் விடுவது முதற்கொடுமையினும் பெரிது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும் இதனைத் தொடுகிறது. நாயை ஏற்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். ஏற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வாராதபடி பார்ப்பது அவர்தம் பொறுப்பு. குட்டியோடு தரப்படும் தடுப்பூசி அட்டையில் முதல் வரி நாயின் பெயருக்கும் அடுத்த வரி உரியவரின் பெயருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். காப்பகங்களிலிருந்து வரும் பல அட்டைகளில் அந்த இரண்டாம் வரி வெற்றிடமாகவே உள்ளது.