டிம் பண்ணத் தெரியாத விளக்குகள்

நம்ம நண்பர் ஒருத்தர் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒண்ணு வாங்கினார். ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்யும், ஹேண்ட் பிரேக் வேலை செய்யாது... அந்த ரகம். வாங்கின ரெண்டாவது வாரமே பம்பர்ல ரெண்டு உருண்டை லைட்டு, கூரை மேல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நீளமா ஒரு எல்.ஈ.டி. பார் எல்லாம் மாட்டிட்டார். "ராத்திரியப் பகலாக்கிடும் சார்"னு சொல்லி வித்தாங்களாம். (பொய் இல்ல. யாருக்குப் பகல்ங்கிறதுதான் கேள்வி.)

போன தை மாசம் அந்த ஜீப்புல கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. திரும்பி இறங்கும்போது ராத்திரி எட்டு மணி இருக்கும். எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு ராஜா மாதிரி இறங்கிட்டு இருக்கோம். ஒரு வளைவு திரும்பினா எதிர்ல டிவிஎஸ் எக்ஸெல். ஒருத்தர், பின்னாடி அவர் சம்சாரம், நடுவுல ஒரு சின்னப் பொண்ணு. எங்க வெளிச்சம் மூஞ்சியில அடிச்சதும் அந்த மனுஷன் ஒரு கையால கண்ணை மறைச்சார். அவ்ளோதான். வண்டி ஓரத்து வாய்க்கால்ல சாஞ்சுடுச்சு.

நல்லவேளை மலைப் பக்கத்து வாய்க்கால். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. பொண்ணுக்கு முட்டியில சிராய்ப்பு, மத்தபடி யாருக்கும் ஒண்ணும் இல்ல. இறங்கி ஓடி வண்டியத் தூக்கி விட்டோம். அவர் திட்டவே இல்ல. கண்ணைக் கசக்கிக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"ஏன் சார், இவ்ளோ லைட்டப் போட்டு என்னத்தத் தேடுறீங்க?"

நண்பர் வீடு வர்ற வரைக்கும் பேசல. எனக்கும் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் இந்த எக்ஸ்ட்ரா லைட்டுங்க எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல பிடிச்சதை இங்க எழுதி வைக்கிறேன்.

மொதல்ல ஒரு நியாயத்தைச் சொல்லிடறேன். கூடுதல் வெளிச்சம் தேவைப்படுறது பொய் இல்ல. 80 கிலோமீட்டர் வேகத்துல வண்டி செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. கண்ணு பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்டுன்னு வெச்சாலே 33 மீட்டர் காலி. அப்புறம் நல்ல தார் ரோட்டுல நிக்க இன்னொரு 40 மீட்டர். ஆனா லோ பீம்ல கறுப்பா ஒரு எருமை நின்னா சுமார் 50 மீட்டர்லதான் தெரியும். கணக்கு உதைக்குதா? அதான் பிரச்சினை. இன்னொண்ணு, ரெண்டு மடங்கு தூரத்துல அதே வெளிச்சம் விழணும்னா நாலு மடங்கு ஒளி வேணும். அதனால தூரம் பார்க்கணும்கிற ஆசைக்கு முடிவே கிடையாது.

கார் வந்த புதுசுல விளக்கு பெரும்பாலும் மண்ணெண்ணெய் விளக்குதான். நடந்து போறவனுக்கு "நான் வர்றேன்"னு சொல்ல உதவுமே ஒழிய ரோடு தெரியாது. அடுத்து வந்தது கார்பைட். நம்ம ஊர் மண்டிகள்ல மாம்பழம் பழுக்க வெச்சு மாட்டிக்கிறாங்களே, அதே கல்லுதான். அது மேல சொட்டுச் சொட்டா தண்ணி விட்டா அசிட்டிலின் வாயு வரும், கொளுத்தினா பளீர்னு வெள்ளை வெளிச்சம். 1904ல அமெரிக்காவுல கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன்னு ரெண்டு பேர் இந்த வாயுவைச் சிலிண்டர்ல அடைச்சு விக்க ஆரம்பிச்சாங்க, 'பிரெஸ்டோ லைட்'னு. அந்தப் பணத்தோடதான் 1909ல இன்டியானாபோலிஸ் ரேஸ் மைதானத்தைக் கட்டுறதுலயும் இறங்கினாங்க. ஜெர்மனியில லிப்ஸ்டாட்ங்கிற ஊர்ல 1899ல சாலி வின்ட்முல்லர் ஆரம்பிச்ச கம்பெனி, 1908ல தன்னோட அசிட்டிலின் விளக்குக்கு 'ஹெல்லா'ன்னு பேர் வெச்சுது. இன்னிக்கும் ஜீப் பம்பர்ல பார்க்கிற அதே ஹெல்லா!

1912 மாடல் கேடிலாக்ல சார்லஸ் கெட்டரிங் செஞ்ச எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் விளக்கும் சேர்ந்து வந்துச்சு. 1913ல பாஷ் கம்பெனி ஹெட்லைட், டைனமோ, ரெகுலேட்டர் மூணையும் ஒரே செட்டா வித்துச்சு. விளக்குப் பிரச்சினை தீர்ந்துச்சுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. ஆனா அங்கதான் கதையே ஆரம்பிக்குது. வெளிச்சம் கூடினதும் எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியல.

1915ல 'கைட் லேம்ப்' கம்பெனி டிம் பண்ணக்கூடிய ஹெட்லைட் கொண்டு வந்துச்சு. எப்படித் தெரியுமா? வண்டிய நிறுத்தி, கீழ இறங்கி, கையால லைட்டைக் குனிய வைக்கணும். எதிர்ல வண்டி வர்றப்பல்லாம் இறங்கி ஏறணும்! 1917ல கேடிலாக் அதுக்கு உள்ளேயே ஒரு லீவர் வெச்சுது. 1924ல ஓஸ்ராமோட 'பைலக்ஸ்' பல்பு வந்து, ஒரே பல்புக்குள்ள ஹை பீமுக்கு ஒண்ணு, லோ பீமுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இழை. 1927ல காலால மிதிக்கிற டிம்மர் சுவிட்ச். பழைய ஜீப் ஓட்டினவங்களுக்கு அந்தச் சுவிட்ச் நல்லாவே தெரியும், கிளட்ச்சுக்குப் பக்கத்துல பட்டன் மாதிரி இருக்கும். ஆக, விளக்கை ஏத்தின கொஞ்ச காலத்துலயே அதை எப்படி இறக்கறதுன்னு யோசிக்க வேண்டி வந்துடுச்சு. அதுக்கே இத்தனை வருஷம் ஆச்சு.

ஜீப்னு சொன்னதும் இன்னொரு மேட்டர் ஞாபகம் வருது. ரெண்டாம் உலகப் போர்ல வில்லிஸ், ஃபோர்டு ரெண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சாங்க. நம்ம ஊர் மஹிந்திரா ஜீப்புக்கெல்லாம் தாத்தா அதுதான். அந்த ஜீப்போட இடது மட்கார்டு மேல கூடுதலா ஒத்தை விளக்கு இருக்கும். படத்துல பார்த்துட்டு, அந்தக் காலத்துலயே ஸ்பாட் லைட் வெச்சிருக்கான் பாருன்னு நான் நினைச்சதுண்டு. தப்பு. அது பிளாக்அவுட் விளக்கு. மேல ஒரு மூடி போட்டு, வெளிச்சம் மங்கலா தரையில மட்டும் விழற மாதிரி செஞ்சது. ஆகாயத்துலேர்ந்து விமானம் பார்த்துடக் கூடாதே! ஃபோர் வீல் டிரைவ் வண்டியில லட்சக்கணக்குல மாட்டின முதல் எக்ஸ்ட்ரா லைட்டு, வெளிச்சத்தைக் குறைக்கறதுக்காக மாட்டினது. பின்பக்கத்து விளக்கு அதைவிட சுவாரஸ்யம். பின்னால வர்ற டிரைவர் ரொம்பத் தள்ளி இருந்தா ஒரே புள்ளியா தெரியும், சரியான இடைவெளியில வந்தா ரெண்டு, ரொம்ப ஒட்டிட்டா நாலு. ஹெட்லைட்டும் சும்மா இல்ல. ஒரு திருகைக் கழட்டித் திருப்பினா பின்பக்கம் பார்த்து இன்ஜின் மேல வெளிச்சம் அடிக்கும், ராத்திரியில ரிப்பேர் பார்க்க. எங்க வெளிச்சம் வேணும், எங்க வேணாம்னு யோசிச்சு செஞ்ச வண்டி அது.

1962ல ஐரோப்பாவுல ஹாலோஜன் பல்பு காருக்கு வந்துச்சு, எச்1 அப்படின்னு. சாதா பல்புல டங்ஸ்டன் இழை கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி கண்ணாடியில கறுப்பாப் படியும். இதுல உள்ள இருக்கிற அயோடின், ஆவியான டங்ஸ்டனைப் பிடிச்சு மறுபடி இழைக்கே கொண்டு போய்ச் சேர்க்கும். அதனால இழையை இன்னும் சூடா எரிய விடலாம், வெளிச்சம் அதிகம். ஒரே குறை, அந்தப் பல்புல இழை ஒண்ணுதான். டிம் கிடையாது. ரெண்டு இழை வெச்ச ஹாலோஜன், அதாவது எச்4, 1971லதான் வந்துச்சு.

நடுவுல அந்த ஒன்பது வருஷத்துல ஒரு கூத்து நடந்துச்சு. 1966 மான்டி கார்லோ ராலி. டிமோ மேக்கினன், ரவுனோ ஆல்டோனன், பேடி ஹாப்கிர்க் மூணு பேரும் குட்டி மினி கூப்பர்ல வந்து முதல் மூணு இடத்தையும் அள்ளிட்டாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு நடத்தினவங்க சோதனை போட்டாங்க. ஹெட்லைட்டுல ஒத்தை இழை ஹாலோஜன். டிம் பண்ணா ஹெட்லைட் அணைஞ்சு, முன்னாடி மாட்டியிருக்கிற எக்ஸ்ட்ரா விளக்கு எரியும். இது விதிப்படி டிம் இல்லன்னு சொல்லி மூணு பேரையும் நீக்கிட்டாங்க. நாலாவதா வந்த ரோஜர் கிளார்க்கோட ஃபோர்டு கார்ட்டினாவும் இதே லைட்டு விஷயத்துல அவுட். அஞ்சாவதா வந்த பவுலி டொய்வோனனோட சிட்ரோயனுக்குக் கோப்பை போச்சு. பிரெஞ்சுக் கார் ஜெயிக்கணும்னு செஞ்ச சதின்னு இங்கிலீஷ் பத்திரிகையெல்லாம் கொதிச்சுது. இருக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, உலகத்தோட பெரிய ராலி ஒண்ணு, டிம் பண்றது எப்படிங்கிற கேள்வியில முடிவாகியிருக்கு!

எக்ஸ்ட்ரா லைட்டு அப்புறம் பாலைவனத்துக்குப் போச்சு. 1967ல மெக்சிகோவுல டிஹுவானாவுலேர்ந்து லா பாஸ் வரைக்கும், 1,300 கிலோமீட்டருக்கு மேல ஒரே மூச்சுல ஓட்டற பந்தயம். இப்ப பாஹா 1000ங்கிறாங்களே, அதோட ஆரம்பம். விக் வில்சன், டெட் மேங்கல்ஸ்னு ரெண்டு பேர் ஒரு மேயர்ஸ் மேங்ஸ் பக்கியில 27 மணி 38 நிமிஷத்துல ஜெயிச்சாங்க. அப்ப ஒரு முழு ராத்திரி இருட்டுல, ரோடே இல்லாத இடத்துல ஓட்டியாகணும். இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் 1970ல கேசி ஹைலைட்ஸ் கலிஃபோர்னியாவுல வந்துச்சு. மஞ்சள் கலர்ல சிரிக்கிற மூஞ்சி போட்ட மூடி பார்த்திருப்பீங்க, அவங்கதான். அந்த மூடி ஸ்டைலுக்கு மட்டும் இல்ல. அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல, பொது ரோட்டுக்கு வந்தா அந்த மாதிரி விளக்கை மூடித்தான் வைக்கணும்.

ஆஸ்திரேலியாவுல கதை வேற. சாயங்காலம் ஆனா ரோட்டுக்குக் கங்காரு வரும். அதனால அங்க கிராமத்துப் பக்கம் முன்னாடி இரும்புக் கம்பி, அதுல தட்டு சைஸ்ல ரெண்டு லைட்டுன்னு இருக்கிறது சகஜம். ஆனா அங்கேயும் ஒரு விதி. ஹை பீம் எரியும்போதுதான் அதுவும் எரியணும். டிம் பண்ணா கூடவே அணையணும்.

அதுக்கப்புறம் 1991ல பிஎம்டபிள்யூ 7 சீரிஸ்ல ஜீனான். பிறகு எல்.ஈ.டி. நீல எல்.ஈ.டி. கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014ல நோபல் பரிசு கிடைச்சதே, அந்த நீலம் இல்லாம இந்த வெள்ளை வெளிச்சம் இல்ல. கம்மி கரன்ட், பெரிய வெளிச்சம், மலிவு விலை. ராலிக்காரங்க கிட்ட மட்டும் இருந்தது இப்ப யார் வேணா மாட்டிக்கலாம்னு ஆயிடுச்சு. நம்ம நண்பரும் மாட்டினார்.

சரி, ஜீப் என்னாச்சு? ரெண்டு பேரும் உக்காந்து மறுபடி ஆரம்பத்துலேர்ந்து பார்த்தோம்.

முதல்ல ஒயரிங். ஹாலோஜன் பல்புக்குப் போற வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் முப்பது சதவீதம் போயிடும். பழைய ஜீப்புல மெலிசான ஒயர், துருப்பிடிச்ச எர்த், முப்பது வருஷத்துச் சுவிட்ச்... பாதி வெளிச்சம் வழியிலேயே செத்துடுது. பேட்டரியிலேர்ந்து நேரா தடிமனான ஒயர், ஃப்யூஸ், ரிலே வெச்சு ஹெட்லைட்டை மட்டும் சரி பண்ணினோம். அப்பவே நண்பர் "இது போதும் போலிருக்கே"ன்னார்.

ரெண்டாவது, பம்பர்ல இருந்த ரெண்டு 55 வாட் விளக்கு. ரெண்டுக்கும் சேர்த்து ஒன்பது ஆம்பியருக்கு மேல ஓடும், அதை டேஷ்போர்டு சுவிட்ச் வழியா விடக்கூடாது. அதுக்கும் தனி ரிலே. அந்த ரிலேவுக்கு சிக்னல் ஹை பீம் ஒயர்லேர்ந்துதான். இதுல ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கும் நமக்கும் சின்ன வாக்குவாதம். "தனி சுவிட்ச் வெச்சுக்கங்க சார், எல்லாரும் அப்படித்தான் வெப்பாங்க"ன்னார். வேணாம்ணே, டிம் பண்ணா எல்லாம் அணையணும்னு பிடிவாதமா நின்னோம். தனிச் சுவிட்ச்சும் வெச்சோம், ஆனா அது முழுசா ஆஃப் பண்றதுக்கு மட்டும்.

மூணாவது, அந்த எல்.ஈ.டி. பார். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 111வது விதி, வண்டி முன்னாடி ஸ்பாட் லைட், சர்ச் லைட் கூடாது, விசேஷ காரணம் இருந்தா மட்டும் பதிவு அலுவலகத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு சொல்லுது. விதியை விடுங்க. பௌர்ணமி வெளிச்சமே கால் லக்ஸ் சுமார்தான். ஆஸ்திரேலியாவுல லைட்டு விக்கிறவங்க ஒரு லக்ஸ் எத்தனை மீட்டர் வரை போகும்னு பெருமை பேசறாங்க, அதாவது நாலு நிலா. கொல்லிமலையில ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவுல எத்தனை மீட்டர் இருக்கும்? அந்தப் பாதையில தூரத்து வெளிச்சத்துக்கு வேலையே இல்ல. அது முழுக்க எதிர்ல வர்றவன் மூஞ்சிக்குத்தான். நண்பரே ஸ்பேனர் எடுத்துக் கழட்டிட்டார்.

போன மாசம் மறுபடி மலைக்குப் போனோம். இறங்கும்போது எதிர்ல ஒரு லாரி. நண்பர் டிம் பண்ணார். பம்பர்ல இருந்த ரெண்டும் சேர்ந்து அணைஞ்சுது. லாரிக்காரரும் டிம் பண்ணார். ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போனோம். அவ்ளோதான், ஒண்ணுமே நடக்கல. அதைப் பார்த்து இவ்ளோ சந்தோஷப்படுவேன்னு நான் நினைக்கல.

அந்த டிவிஎஸ் எக்ஸெல்காரரை மலையில தேடிப் பார்த்தோம், கிடைக்கல. பார்த்தா பதில் சொல்லணும்னு இருந்தோம்.

பி.கு: அந்த எல்.ஈ.டி. பார் இப்ப நண்பரோட தோட்டத்துல, பழைய பேட்டரி ஒண்ணோட, மோட்டார் ரூம் மேல இருக்கு. அங்க யாரும் எதிர்ல வர்றதில்ல.