சுப. வீரபாண்டியன்

சுப. வீரபாண்டியன் (சுப.வீ.) தமிழ்ப் பேராசிரியர், எழுத்தாளர், மேடைப் பேச்சாளர், திராவிட இயக்கச் சிந்தனையாளர் ஆவார். கலைஞர் தொலைக்காட்சியில் இவர் வழங்கிய ஒன்றே சொல் நன்றே சொல் என்னும் உரை நிகழ்ச்சியின் மூலம் பரவலாக அறியப்பட்டார். சன் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நிகழ்ச்சியை நடத்திய வீரபாண்டியன் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கருதும் குழப்பம் உண்டு.

குடும்பப் பின்னணி

இவர் காரைக்குடியில் பிறந்தவர். தந்தை இராம. சுப்பையா, தாய் விசாலாட்சி. இராம. சுப்பையா பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் ஈடுபட்டுப் பின்னர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். கோயில்களும் சடங்குகளும் வாழ்வின் நடுவில் இருந்த செட்டிநாட்டில் கடவுள் மறுப்பையும் சடங்கு மறுப்பையும் பேசுவது அக்காலத்தில் எளிய செயலன்று. வீட்டிலேயே இயக்கம் இருந்ததால் சுப.வீ. அரசியலைத் தேடிப் போக வேண்டிய தேவை எழவில்லை எனலாம்.

திரைப்பட இயக்குநர் எஸ்பி. முத்துராமன் இவருடைய மூத்த சகோதரர். ஒருவர் பெயரில் 'எஸ்பி.' என்றும் மற்றவர் பெயரில் 'சுப.' என்றும் நிற்பவை சுப்பையா என்னும் ஒரே பெயரின் சுருக்கங்களே. களத்தூர் கண்ணம்மா (1960) படத்தில் உதவியாளராகப் பணியாற்றிய முத்துராமன் பின்னாளில் ரஜினிகாந்த் நடித்த 25 படங்களை இயக்கினார். முரட்டுக்காளை (1980), கமல்ஹாசன் நடித்த சகலகலா வல்லவன் (1982) ஆகியவை அவர் இயக்கிய படங்களுள் பெருவெற்றி பெற்றவை. கொள்கைக் குடும்பத்தின் ஒரு மகன் வணிகத் திரைப்படத்திற்கும் மற்றொரு மகன் மேடைக்கும் சென்றது குறிப்பிடத்தக்கது.

மேடையும் திரையும்

திராவிட இயக்கம் பேச்சால் வளர்ந்த இயக்கம். நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாறியது 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். பட்டங்களையும் அரசுப் பதவிகளையும் துறக்கச் சொன்ன அண்ணாதுரையின் தீர்மானங்கள் அங்கு நிறைவேறின. செல்வர்களின் கட்சியாக இருந்தது அதன்பின் தெருமுனைக் கூட்டங்களுக்கு வந்தது. அதே சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் மந்திரி குமாரி (1950) படத்திற்கு மு. கருணாநிதி எழுதிய உரையாடல், மேடைத் தமிழ் திரைக்கு ஏறிய வழியைக் காட்டுகிறது. சுப.வீ.யின் தொலைக்காட்சிப் பணியையும் இந்த மரபின் தொடர்ச்சியாகவே கொள்ள வேண்டும். எனினும் அவர் அந்த அடுக்குமொழியைப் பின்பற்றவில்லை. வகுப்பறையில் பழகிய அமைதியான பேச்சே அவருடையது.

அரசியலும் சிறையும்

கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், பின்னர் அப்பணியை விட்டு முழுநேரப் பொதுவாழ்வில் ஈடுபட்டார். பழ. நெடுமாறன் தலைமையிலான தமிழர் தேசிய இயக்கத்தின் பொதுச் செயலாளராக இருந்தார். ஈழத் தமிழர் உரிமைக்காகப் பல மேடைகளில் பேசினார்.

பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் (பொடா) 2002 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு சூலையில் வைகோவும் ஆகஸ்டில் நெடுமாறனும் அச்சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டனர். விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினர் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். சுப.வீ.யும் அதே சட்டத்தில் கைதாகி ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். ஆயுதம் ஏந்தாமல் பேசியதற்காகவே ஒருவரைப் பிணையின்றி நெடுநாள் அடைத்து வைக்க முடியுமா என்ற கேள்வி அன்று நாடெங்கும் எழுந்தது. பொடா 2004 இல் நீக்கப்பட்டது. தம் சிறை நாட்களை இவர் அது ஒரு பொடா காலம் என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். இவருடைய எழுத்துகளுள் அதிகம் பேசப்பட்டது இதுவே.

2007 இல் திராவிட இயக்கத் தமிழர் பேரவையைத் தொடங்கினார். தமிழ்த் தேசியமும் பெரியாரியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது இவருடைய நிலைப்பாடு. பெரியாரின் இடதுசாரித் தமிழ்த் தேசியம் என்னும் நூல் இதனை விளக்க எழுதப்பட்டதாகும்.

தொலைக்காட்சி

2007 மே மாதத்தில் கருணாநிதி குடும்பத்தினருக்கும் மாறன் சகோதரர்களுக்கும் இடையே பிணக்கு முற்றியது. தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அதுவரை தி.மு.க.வின் குரலாகக் கருதப்பட்ட சன் தொலைக்காட்சிக்கு மாற்றாக, அண்ணாதுரையின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. சுப.வீ. இதில்தான் ஒன்றே சொல் நன்றே சொல் நிகழ்ச்சியை வழங்கினார்.

நிகழ்ச்சியின் அமைப்பு மிக எளிது. விருந்தினர் இல்லை, அரங்கில் பார்வையாளர் இல்லை, எதிர்வாதம் செய்ய ஆளில்லை. காலை வேளையில் ஒருவர் ஒளிப்படக் கருவியைப் பார்த்துச் சில நிமிடங்கள் ஒரு பொருள் குறித்துப் பேசுவார். ஒரு நூல், ஒரு வரலாற்று நிகழ்வு, மறக்கப்பட்ட ஒரு மனிதர் என ஏதேனும் ஒன்றிலிருந்து தொடங்கிச் சமூகக் கருத்தொன்றில் முடிப்பது இவருடைய வழக்கம். ஆன்மிக உரைகளும் இராசி பலன்களும் நிறைந்திருந்த காலை நேரத்தில் ஒரு பகுத்தறிவாளரின் உரை இடம்பெற்றது தமிழ்த் தொலைக்காட்சியில் அரிதான ஒன்று. கட்சிச் சார்புள்ள தொலைக்காட்சியில் வந்தாலும் பல உரைகள் அன்றாட அரசியலைத் தொடாதவை. கட்சி சாராதவர்களும் கேட்டதற்கு அதுவே காரணம். இவ்வுரைகள் பின்னர் பல தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றன.

விமர்சனங்கள்

2009 மே மாதத்தில் ஈழப் போர் முடிவுற்றபோது மத்திய அரசில் பங்கு வகித்த தி.மு.க. மீது தமிழ்த் தேசிய அமைப்புகள் கடும் கண்டனம் தெரிவித்தன. ஈழத்திற்காகப் பேசிச் சிறை சென்ற சுப.வீ. அதன் பின்னரும் கருணாநிதியின் பக்கம் நின்றது பழைய தோழர்கள் பலரை அவரிடமிருந்து விலக்கியது. தி.மு.க.வை வலுவிழக்கச் செய்வது தமிழர் நலனுக்கே கேடாகும் என்பது அவர் தரப்பு வாதம். 2012 இல் கருணாநிதி மீண்டும் அமைத்த தமிழீழ ஆதரவாளர் அமைப்பில் (டெசோ) க. அன்பழகன், கி. வீரமணி, தொல். திருமாவளவன் ஆகியோருடன் இவரும் உறுப்பினராக இருந்தார். குணா எழுதிய திராவிடத்தால் வீழ்ந்தோம் என்னும் நூலின் முழக்கம் இளைஞரிடையே மீண்டும் பரவியபோது, அதற்கு மறுமொழியாகத் திராவிடத்தால் எழுந்தோம் என்னும் நூலை எழுதினார். இந்தச் சர்ச்சை இன்றும் தீர்ந்தபாடில்லை.

பிற்காலப் பணிகள்

கருஞ்சட்டைத் தமிழர் என்னும் இதழை நடத்தினார். இணையக் காணொளிகள் வழியாகவும் உரையாற்றி வருகிறார். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அமைத்த சமூக நீதிக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டார். கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவற்றில் இட ஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படுகிறதா எனக் கண்காணிப்பது இக்குழுவின் பணியாகும். 2023 ஆம் ஆண்டுக்கான தமிழக அரசின் தந்தை பெரியார் விருது இவருக்கு வழங்கப்பட்டது.