ஊட்டக்குறைவும் ஒவ்வாமையும்: தாராவிச் சூழல்

ஊட்டக்குறைவு உடலின் எதிர்ப்பாற்றல் முழுவதையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. ஒரு பகுதியை முடக்கும், இன்னொன்றைத் தொடாமல் விட்டுவிடும். ஒவ்வாமையின் அறிகுறிகளும் அதைக் கண்டறியும் சோதனைகளும் தடுமாறுவது இதனால்தான். அலர்ஜி வசதி படைத்தவர்களின் நோய், ஏழைக் குழந்தைக்கு வராது என்ற பேச்சு பாதி மட்டுமே உண்மை.

தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) மகாராஷ்டிரத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.2% பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை, 25.6% பேருக்கு உயரத்துக்கேற்ற எடையில்லை என்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மும்பையின் தாராவியில், வெயில் இறங்காத சந்துகளும் மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவர்களும் உண்டு. சமையலும் படுக்கையும் பல வீடுகளில் ஒரே அறையில்தான். கரப்பான்பூச்சி, தூசிச் சிற்றுண்ணி, பூஞ்சை என மூச்சிளைப்பைத் தூண்டும் எதற்கும் அங்கே பஞ்சமில்லை.

கடுமையான ஊட்டக்குறைவில் முதலில் சுருங்குவது நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பி. நோயை எதிர்க்கும் டி செல்கள் பக்குவப்படும் இடம் அது. புரதம், துத்தநாகம், வைட்டமின் ஏ குறையும்போது டி செல்களை நம்பியிருக்கும் தாமத வகை எதிர்வினை மங்குகிறது. அதனால் காசநோய்க்கான மாண்டோ ஊசி போட்ட இடம், நோய் இருந்தும் தடிக்காமல் போகலாம். தோல் பதனிடுவதிலும் சிமெண்டிலும் உள்ள குரோமியத்தால் கைகளில் வரும் அரிப்புப் படையும் இதே வகை எதிர்வினையே.

உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருள் இப்படி அடங்குவதில்லை. குடற்புழு இருந்தால் ரத்தத்தில் அது பல மடங்கு ஏறிவிடும். ஆனால் அதில் பெரும்பங்கு எந்த ஒவ்வாமைப் பொருளையும் குறிவைத்ததல்ல. புழுக்கள் தம்மைக் காத்துக்கொள்ள எதிர்ப்பாற்றலை அடக்கும் சமிக்ஞைகளையும் கிளப்பிவிடுகின்றன. எனவே அறிக்கையில் எண் பெரிதாக இருக்க, குழந்தைக்குத் தும்மல்கூட இல்லாமலிருக்கலாம். ஆப்பிரிக்காவின் காபோனில் பள்ளிச் சிறுவர்களுக்குத் தொடர்ந்து புழு மருந்து கொடுத்தபின் சிற்றுண்ணிக்கான தோல் எதிர்வினை கூடியதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காகப் புழுவை விட்டுவைக்க முடியாது; அது ரத்தத்தையும் ஊட்டத்தையும் உறிஞ்சுகிறது.

கருவில் பட்ட பசியும் கணக்கில் வரும். 1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களிடம் பிற்காலத்தில் மூச்சுக்குழல் அடைப்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டது, ஐஜிஇ கூடவில்லை. அப்படியானால் பசியின் பாதிப்பு ஒவ்வாமையைவிட நுரையீரலின் வளர்ச்சியில் இருந்திருக்க வேண்டும்.

தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் 1989இல் தாய்ப்பால் வங்கி தொடங்கிய மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ், 1999இல் ‘சினேகா’ அமைப்பை நிறுவினார். அந்த அமைப்பு அங்கன்வாடிகளோடு சேர்ந்து தாராவிக் குழந்தைகளின் எடைக்குறைவைக் கவனித்துவருகிறது. புஜச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அளக்கும் நாடா சிவப்பு காட்டும். அது கடும் ஊட்டக்குறைவு. அதற்கான சிகிச்சை உணவு வேர்க்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், நுண்ணூட்டக் கலவை சேர்ந்தது. மேலைநாட்டுப் பள்ளிகள் பலவற்றில் தடைசெய்யப்பட்ட கடலை இங்கே மருந்து! ஒவ்வாமை அபாயம் மிகுந்த கைக்குழந்தைகளுக்கும் கடலையை முன்கூட்டியே பழக்கினால் ஒவ்வாமை பெருமளவு குறைவதை 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு உறுதிசெய்தது.

குழப்பம் அதிகம் பாலில்தான். வயிற்றுப்போக்கில் குடலின் உட்பூச்சு தேய்ந்த குழந்தைக்குப் பால்சர்க்கரை சில வாரங்கள் செரிக்காது. “பால் ஒத்துக்கல” என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, தயிர் பலருக்கு ஒத்துப்போகும். முட்டை, மீன், கடலை என ஒவ்வொன்றாக நிறுத்தும்போது எடை இன்னும் இறங்கி, குடல் ஆறுவதும் தள்ளிப்போகிறது.

மும்பையின் மற்றப் பகுதிகளில் வேறு காரணங்களும் சேரும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை அடுத்த செம்பூரில் மூச்சிளைப்புக்குக் காற்று மாசையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வயிறு நிறைய உண்ணும் மாட்டுங்கா வீடுகளிலும் வெயில் படாததால் வைட்டமின் டி குறையலாம்.

குழந்தையின் எடையையும் புழு மருந்து கொடுத்த தேதியையும் கேட்காமல், ஐஜிஇ எண்ணை மட்டும் பார்த்து உணவை விலக்கச் சொல்வது தவறான மருத்துவம்.